பொன்னிலைத் தேவதாரு நம் மண்ணில் வளருமா?

மரங்களை 'என்றும் பசுமையானவை', 'இலையுதிர்ப்பவை' என இரு கூறாக்கிக் காட்டுவது பாடநூல்களின் வழக்கம். அதனை அடுத்து, ஊசியிலை மரங்கள் யாவும் முதற்கூற்றைச் சேர்ந்தவை என்று ஒரு வரி வரும். மாணவர் அதனை மனனம் செய்வர், தேர்வில் எழுதுவர், மதிப்பெண்ணும் பெறுவர். ஆயின் அவ்வரி முழு உண்மையன்று. கூம்பு காய்க்கும் மரங்களுள்ளும் ஆண்டுக்கொரு முறை ஓரிலையும் விடாது உதிர்த்து, வெறுங்கிளையாய் நின்று, மீண்டும் துளிர்ப்பவை உண்டு. அவற்றுள் ஒன்று, துளிர்க்கும்போதே பொன்னிறமாய்த் துளிர்க்கும் வகையாகவும் இன்று தோட்டங்களில் வளர்க்கப்படுகிறது. அதன் வரலாறு யாது, வளர்ப்பு முறை யாது, நம் பாகான் டத்தோ போன்ற கடலோரச் சமநிலத்தில் அதனை நட்டால் நேர்வது யாது என்பவையே இங்குக் கூறப்புகும் செய்திகள்.

இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டில் பணியாற்றும் பழைய மாணவர் ஒருவர், பொன்மயமாய் நிற்கும் அம்மரத்தின் படத்தை அனுப்பி, தாம் பயின்ற தோட்டப் பள்ளியின் முகப்பில் அது நிற்கவேண்டும், செலவு தம்முடையது என்று எழுதியிருந்தார். எண்ணம் நல்லதே. ஆனால் விழா எடுத்து நட்ட கன்று ஆறு மாதத்தில் பட்டுப்போனால், அதைத் தினமும் கடந்து செல்லும் பிள்ளைகள் மரம் நடுவதைப் பற்றி என்ன நினைப்பர்? ஆதலின் விடை எழுதுமுன் மரத்தின் இயல்பை ஆராய வேண்டியதாயிற்று.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது. 'ஊசியிலை மரம்' என்னும் தொடர் ஆசிரியர்களை அடிக்கடி வழிதவறச் செய்கிறது. கடற்கரைச் சவுக்கைப் பாருங்கள். மலாய்க்காரர் 'ரு' என்பது இதனையே. பார்வைக்கு ஊசியிலை மரம். ஆனால் அது பூக்கும் தாவரம். நாம் ஊசி எனக் கருதுவது இலையன்று, கணுக்கணுவான பசுங்குச்சி; உண்மையான இலை அக்கணுக்களைச் சுற்றிப் பல்போல் நிற்கும் சிறு செதில். குச்சியைக் கணுவில் இழுத்தால் கழன்று வரும். வகுப்பில் செய்து காட்டலாம். இதற்கு மாறாக, நம் நாட்டுக் காடுகளில் குங்கிலியம் தரும் டாமார் மிஞாக் மரத்தின் இலை அகலமானது. மாவிலையை ஒருவாறு நினைவூட்டுவது. அது கூம்பு மரமேயாம். தென்னிந்திய மலைகளில் இயல்பாய் விளையும் ஒரே கூம்பு மரமாகிய நகேயாவின் இலையும் அகன்றதே. ஆகவே இலையை நோக்காது விதையை நோக்கி, 'கூம்பு மரம்' என்றே வழங்குதல் நலம். இக்கட்டுரையில் அவ்வாறே வழங்குவேன்.

இக்கூம்பு மரங்களுள் இலையுதிர்க்கும் குலங்கள் ஐந்து. லார்ச் ஒன்று. வடநாடுகளின் குளிர்க்காடுகளில் பரந்து நிற்பது. இதன் ஓரினம் சிக்கிம், பூட்டான் முதலிய கிழக்கு இமயப் பகுதிகளில் உயர்ந்த சரிவுகளில் வளர்கிறது. சீனத்துப் பொன் லார்ச் மற்றொன்று; கோடையில் பச்சையாயிருந்து உதிருமுன் பொன்னாவது. அமெரிக்கச் சதுப்புநிலத் தேவதாரு மூன்றாவது. தென்சீனம், லாவோஸ், வியட்நாம் ஆகிய நாடுகளின் ஈரநிலங்களில் அருகி நிற்கும் கிளிப்டோஸ்ட்ரோபஸ் நான்காவது. வியட்நாமில் டாக் லாக் மாநிலத்துச் சதுப்புகளில் எஞ்சியிருப்பதால், நிலவழியில் நமக்கு மிக அணுகியது இதுவே எனலாம். ஐந்தாவதே நாம் பேசவந்த மெட்டாசெக்குவோயா. சீனர் இதனைச் 'சுய்ஷான்' என்பர். நீர்த்தேவதாரு என்று பொருள்படும். நீர்க்கரையை விரும்பும் மரமாதலின் அப்பெயர் பொருந்துகிறது. நாமும் நீர்த்தேவதாரு என்றே சொல்வோம்.

கல்லில் இருந்து எழுந்த மரம்

இம்மரம் முதலில் அறியப்பட்டது உயிரோடன்று, கல்லிலே. ஜப்பானிய அறிஞர் ஷிகெரு மிக்கி, பழைய களிமண் படிவுகளில் கிடைத்த இலைகளையும் கூம்புகளையும் ஆராய்ந்துவந்தார். அவற்றை முன்னோர் அமெரிக்கச் செக்குவோயா என்றும், சதுப்புத் தேவதாரு என்றும் குறித்து வைத்திருந்தனர். மிக்கியோ, இலைகள் எதிரெதிராய் இணைந்திருப்பதையும், கூம்பின் செதில்கள் குறுக்கு நெடுக்காய் எதிரடுக்கில் நிற்பதையும் கண்டார். சதுப்புத் தேவதாருவிலோ இலைகள் மாறிமாறி அமைந்தவை. எனவே இது வேறு குலம் எனத் துணிந்து, 1941-இல் மெட்டாசெக்குவோயா என்று பெயரிட்டார். அழிந்தொழிந்த மரத்துக்கே தாம் பெயரிடுவதாக அவர் எண்ணியிருத்தல் வேண்டும்.

அதே ஆண்டில், நடுச்சீனத்தின் மலையூர் ஒன்றில் அம்மரம் உயிரோடு நிற்பதைச் சீன வனத்துறை ஆசிரியர் கான் துவோ கண்டார். இன்ன மரம் என்று அவர் அறியார். குளிர்காலமாதலின் இலையும் இல்லை. 1943-இல் வாங் சான் என்பார் அங்குச் சென்று கிளையும் கூம்பும் திரட்டினார். 1946-இல் சுவே ஜிரு என்னும் இளைஞர், ஆற்றுத்துறையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் மலைவழியே நடந்து, முழுமையான மாதிரிகளைக் கொணர்ந்தார். செங் வான்ஜுன், ஹூ சியான்சு என்னும் பேராசிரியர் இருவரும் அவற்றை ஆராய்ந்து, மிக்கி கண்ட கல்மரமே இது என 1948-இல் வெளியிட்டனர். போர்க்காலம், எதிரி நாட்டு அறிஞரின் கட்டுரையைப் படித்துத்தான் சீன அறிஞர் தம் மரத்தை இனங்கண்டனர் என்பதை நினைக்குந்தோறும் வியப்பே மிகுகின்றது.

அவ்வூர்ப் பெருமரத்தின் அடியில் சிறு கோயிலொன்று இருந்தது. ஊரார் வழிபட்டதனால் மரம் வெட்டுண்ணாது நின்றது. தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்கு விடப்பட்ட மரத்தைத் துரைமாரும் தொடத் தயங்கிய செய்தியை அறிந்த நமக்கு இது புதிதன்று.

அமெரிக்காவின் ஆர்னால்ட் மரப்பண்ணையைச் சேர்ந்த எல்மர் மெரில் என்னும் அறிஞர், விதை திரட்ட 250 டாலர் அனுப்பினார். அச்சிறு தொகையில் திரட்டிய விதைகள் 1948 ஜனவரியில் சென்றடைந்தன. அங்கிருந்து சிறுசிறு பொட்டலங்களாய் உலகின் நூற்றுக்கணக்கான தோட்டங்களுக்குப் பிரித்தனுப்பப்பட்டன. இன்று ஜப்பானில் ஷிகா மாநிலத்து மக்கினோ என்னுமிடத்தில் ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் நீளத்துக்கு இருமருங்கும் ஐந்நூறு மரங்கள் அணிவகுத்து நிற்கின்றன. 1981-இல் நடத் தொடங்கியவை. சொந்த மலையிலோ பழைய மரங்கள் சில ஆயிரமே எஞ்சி, அருகிவரும் இனமாக உலகப் பட்டியலில் குறிக்கப்பட்டுள்ளன.

ஒருபிடி விதை உலகை நிரப்பிய கதை பேராக் மக்களுக்கு வேறொரு மரத்தை நினைவூட்டும். 1876-இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கித்தா விதை சென்றது. 1877-இல் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றுள் ஒன்பது கோலாகங்சாரில் நடப்பட்டன. நம் முன்னோரைக் கப்பலேற்றி இங்குக் கொணர்ந்த மரம் அவ்வளவு சிறிய தொடக்கத்தை உடையது. அதற்கும் நம் கட்டுரைப் பொருளுக்கும் வேறோர் ஒற்றுமையும் உண்டு; அதனைப் பின்னர்க் காண்போம்.

பொன் எங்கிருந்து வந்தது?

இயல்பான நீர்த்தேவதாரு பச்சை இலையையே உடையது. உதிருமுன் செம்பு நிறமாகும். பொன்னிலை வகை 1970-களில் ஜப்பானில் தோன்றியது. 'ஓகோன்' என்பது அதன் பெயர். ஜப்பானிய மொழியில் அச்சொல்லுக்குப் பொன் என்றே பொருள். 1990-களில் ஐரோப்பிய நாற்றங்கால்களுக்குச் சென்று, 'கோல்ட் ரஷ்' என்ற பெயரில் விற்பனையாகிறது.

இலை பொன்னாவது மிகுதியினாலன்று, குறைவினால். எல்லா இலையிலும் பச்சையமும் மஞ்சள் நிறமிகளும் சேர்ந்தே உள்ளன. பச்சையம் மிகுந்திருப்பதால் மஞ்சள் மறைந்துள்ளது. பொன்னிலை வகையில் பச்சையம் குறைவு. ஆதலின் மறைந்திருந்தது வெளிப்படுகிறது. இதிலிருந்து மூன்று பயன் பெறப்படும். உணவாக்கும் பச்சையம் குறைந்தமையால் இவ்வகை பச்சை மரத்தினும் மெதுவாக வளரும். நிழலில் வைத்தால் பொன் மங்கிப் பசுமஞ்சளாகிவிடும். வெயிலும் வறட்சியும் சேர்ந்து தாக்கினால் இலையோரம் கருகும். அஃதாவது, நல்ல வெயில் வேண்டும், ஆனால் வேருக்கு நீர் அறாதிருத்தல் வேண்டும். காற்று கொதிக்கவும் கூடாது.

பொன்னிறம் வேறு, இலையுதிர்வு வேறு என்பதை ஆசிரியர்கள் இங்கே வற்புறுத்திக் கூறவேண்டும். பழுத்த இலை மஞ்சளாதல், மரம் தன் பச்சையத்தைச் சிதைத்து அதன் சத்தை உள்வாங்கிக்கொள்வதால் நிகழ்வது. ஓகோன் வகையோ பிறக்கும்போதே மஞ்சள். ஒன்று முதுமையின் நிறம். மற்றொன்று பிறவி நிறம். மாணவர் இரண்டையும் ஒன்றாகக் கருதுவது இயல்பு.

இனி உதிர்வுக்கு வருவோம். லார்ச் மரம் ஊசியை ஒவ்வொன்றாய் உதிர்க்கும். நீர்த்தேவதாருவோ, இலைகள் தாங்கிய சிறு குச்சியை அப்படியே கழற்றிவிடும். தரையில் கிடப்பது இறகுபோல் தோன்றும். குளிர்நாட்டில் பனிக்காலத்தில் வேர் நீரை உறிஞ்ச இயலாது. இலை இருந்தால் நீர் ஆவியாகி மரம் வற்றும். எனவே உதிர்த்துவிடுதல் தற்காப்பு என்பது பொதுவான விளக்கம். நீர்த்தேவதாருவைப் பற்றி வேறொரு விளக்கமும் நெடுநாள் வழங்கிற்று. ஏறத்தாழ நான்கரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் வடதுருவப் பகுதி வெப்பமாயிருந்தது. கனடாவின் ஆக்செல் ஹைபர்க் தீவில் அக்காலத்துக் காடு கல்லாகாமல் மரமாகவே புதைந்து கிடக்கிறது. அங்கே குளிர்காலம் முழுதும் இருள். வெளிச்சமில்லாக் காலத்தில் இலையை வைத்துக்கொண்டு மூச்சுவிட்டுச் சேமிப்பைச் செலவிடுவதினும் உதிர்ப்பதே சிக்கனம் என்றனர். 2003-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் துருவ ஒளியைச் செயற்கையாக அமைத்து மரங்களை வளர்த்துக் கணக்கிட்டனர். முடிவு எதிராக வந்தது: இலையை ஆண்டுதோறும் எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வதே பெருஞ்செலவு. நேர்த்தியாகத் தோன்றும் விளக்கத்தையும் நிறுத்துப் பார்க்கவேண்டும் என்பதற்கு வகுப்பில் சொல்லத்தக்க நல்ல சான்று இது.

காரணம் எதுவாயினும், உதிர்வை ஏவுவன இரண்டு: பகற்பொழுது குறுகுதல், குளிர் ஏறுதல். நீர்த்தேவதாருவின் தாயகம் வடக்கே 30 பாகையில், மலைமேல் உள்ளது. அங்கே நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ நான்கு மணி நேரம். மரம் அதனை அறிந்து உறக்கத்துக்கு ஆயத்தமாகிறது. குளிரில் சில வாரங்கள் உறங்குகிறது. அவ்வுறக்கம் போதிய அளவு நிகழ்ந்த பின்பே மொட்டுகள் ஒருங்கே விழிக்கின்றன.

பாகான் டத்தோ வடக்கே 4 பாகையில் உள்ளது. இங்கே நெடிய பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வேறுபாடு அரை மணி அளவே. இரவிலும் வெப்பம் 24 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். மரத்துக்கு மாலை மணியும் இல்லை, விழிக்கும் மணியும் இல்லை. இத்தகைய இடத்தில் குளிர்நாட்டு மரம் உறங்கவும் மாட்டாது, முழுதாய் விழிக்கவும் மாட்டாது. ஒரு கிளை துளிர்க்க ஒரு கிளை வாட, ஆண்டுக்காண்டு மெலியும். கிழக்கு ஜாவாவில் பத்து என்னும் மலையூரில் ஆப்பிள் வளர்ப்போர் இச்சிக்கலைக் கையாலேயே தீர்க்கின்றனர். அறுவடைக்குப் பின் மரத்து இலைகளை ஆள்விட்டுப் பறித்து எறிகின்றனர்; அதன்பின் மரம் பூக்கிறது. குளிர்காலம் செய்யவேண்டிய வேலையைக் கூலியாள் செய்கிறார். ஆப்பிளுக்கு விலை உண்டு, ஆகவே கட்டுப்படியாகும். முப்பது மீட்டர் உயரக்கூடிய தேவதாருவுக்கு ஏணி வைத்து இலை பறிக்க எந்தப் பள்ளியில் ஆளிருக்கிறார்?

நம் மண்ணைக் குறை சொல்லவேண்டியதில்லை. கடற்களிமண்; ஈரம் வற்றாது; வாய்க்காலும் வரப்பும் வகுத்த நிலம். தென்னைக்குப் பேர்போனது. நீர்த்தேவதாருவுக்கும் நீர் பிடிக்கும். ஆனால் உப்பேறிய நீர் ஆகாது. அலைமதகுக்கு அருகிலுள்ள நிலங்களில் அதுவும் ஒரு தடை. முதன்மைத் தடை வானமே.

கேமரன் மலையில் நடலாமே என்பர் சிலர். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருப்பதால் சராசரி வெப்பம் 18 பாகை, குளுமைதான். ஆயின் உறைபனி இல்லை, பகற்பொழுதும் நம்முடையதே. அங்கே தழைத்து நிற்கும் கூம்பு மரங்கள் என்றும் பசுமையானவை. தொட்டியில் பொன்னிறமாய் விற்கப்படுவனவும் பெரும்பாலும் துயா, சைப்ரஸ் வகைகளே. அவை இலையுதிர்ப்பன அல்ல. பொன்னிறக் கூம்புச்செடி என்ற பெயரைமட்டும் கேட்டு வாங்கிவந்து, அது பழுப்பேறி உதிரும்போது 'இது இலையுதிர்க்கும் இனம். மீண்டும் துளிர்க்கும்' என்று மாதக்கணக்கில் நீர் ஊற்றுவோர் உண்டு. ஐயமிருப்பின் சிறு கிளையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு, பழுப்பும் உலர்வுமானால் இல்லை.

நம் வாசகருள் பிள்ளைகளைப் பிறநாட்டில் குடிவைத்தோர் பலர். இலண்டனிலோ தொரொண்டோவிலோ மெல்பர்னிலோ கொல்லை உள்ளவர் இம்மரத்தைத் தாராளமாய் நடலாம். போத்திலிருந்து வளர்த்த கன்றையே வாங்கவேண்டும். விதையில் பொன்னிறம் நம்பத்தக்கதன்று. இலை உதிர்ந்து உறங்கும் காலத்தில், மொட்டு விழிக்குமுன் நடுக. குழி ஆழத்தினும் அகலமாயிருப்பது நன்று. மட்கிய இலையால் மூடாக்கு இட்டு, தண்டை அது தொடாதபடி விலக்குக. முதல் இரண்டு மூன்று கோடைகளில் வேர்ப்பகுதி காயவிடலாகாது. அதன் பின் மரம் தன்னைக் காத்துக்கொள்ளும். சுண்ணச்சத்து மிகுந்த மண் ஆகாது. சுவருக்கும் வடிகாலுக்கும் அருகில் வைப்பது பின்னாளில் வழக்கைத் தரும். கிளை நறுக்கவேண்டியதில்லை, கூம்புவடிவம் இயல்பாகவே அமையும். வசந்தத்தில் பின்தங்கிவரும் உறைபனி இளந்துளிரைக் கருக்குவதுண்டு; மீண்டும் துளிர்க்கும், அஞ்சவேண்டா. முதுமரத்தின் செம்பழுப்புப் பட்டையும், கிளைக்கவட்டின் கீழ் அக்குள்போல் குழிந்த தண்டும் வெறுமரமாய் நிற்கும் நாளிலும் பார்க்கத்தக்கவை.

இந்நாட்டுக்கு அக்கன்றைக் கொணர விரும்புவோர் ஒன்றறிதல் வேண்டும். செடியோ விதையோ, அரசின் இறக்குமதி உரிமமும் அனுப்பும் நாட்டின் நலச்சான்றும் இன்றிக் கொண்டுவருதல் குற்றம். 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைக்காப்புச் சட்டம் இதற்கென்றே உள்ளது. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் கித்தா மரத்தைத் தாக்கிவிடுமென்ற அச்சத்தால், அக்கண்டத்து வெப்பநாடுகளிலிருந்து வரும் செடிகளில் கண்டிப்பு மிகுதி. பைக்குள் மறைத்து ஒரு குச்சியைக் கொணர்வது அன்பின் அடையாளமாகத் தோன்றலாம். அக்குச்சியில் ஒட்டிவருவது எது என்று யார் அறிவார்? ஆகவே பழைய மாணவருக்குச் சென்ற விடை, 'இங்கு வேண்டா. உம் கொல்லையிலேயே நட்டு, மாதம் ஒரு படம் அனுப்புக' என்பதே. பன்னிரண்டு படங்கள் கிடைத்தால் ஓர் ஆண்டின் பாடம் கிடைத்தது.

ஆனால் நம் பிள்ளைகளுக்கு இலையுதிர்வைக் காட்ட சீனத்து மரந்தான் வேண்டுமோ? முன்னர்க் குறித்த ஒற்றுமை இதுதான்: கித்தாவும் இலையுதிர்க்கும் மரம். பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் வறண்ட காற்று வீச, தோட்டம் முழுதும் மஞ்சளும் செம்மையுமாய் மாறிச் சருகு கொட்டும்; பால் குறையும்; வெட்டுக்காரர் வருவாயும் குறையும்; சில வாரங்களில் செந்தளிர் விடும். தோட்டத்தில் வளர்ந்த முதியோர் யாரைக் கேட்டாலும் சொல்வர். இன்று கித்தா நின்ற இடங்களில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. நம் கடலோரத்திலோ தென்னையும் செம்பனையுமே. இவை ஒருங்கே இலை கொட்டுவன அல்ல. ஆகவே இன்றைய தோட்டப் பள்ளி மாணவருக்கு இலையுதிர்வு என்பது பாடநூலில் மட்டும் உள்ள சொல்லாகி வருகிறது.

மொழியாசிரியர் கவனிக்கவேண்டிய செய்தியும் இதில் அடங்கியுள்ளது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் எனத் தமிழர் வகுத்த பெரும்பொழுது ஆறு. அவற்றுள் 'இலையுதிர் காலம்' என ஒன்று இல்லை. குளிர்நாட்டுப் பருவம் ஒன்றைப் பெயர்த்து அமைத்த தொடர் அது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை உள்ள திங்களைக் குறிப்பது. கித்தா உதிர்ப்பதோ மாசி பங்குனியில். அது நம் கணக்கில் பின்பனி. அங்கே குளிர் ஏவுகிறது. இங்கே வறட்சி ஏவுகிறது. 'இலையுதிர் காலம் எது?' என்று வினாத்தாளில் கேட்குமுன், எந்த நாட்டில் என்பதையும் சேர்த்துக் கேட்பது முறையாகும்.

வகுப்புக்குக் கைகொடுக்கும் மரம் கெத்தாப்பாங். தமிழ்நாட்டில் நாட்டு வாதுமை என்பர். கடற்கரையிலும் பள்ளித் திடலிலும் எங்கும் உண்டு, உப்பையும் பொறுக்கும். ஆண்டில் பெரும்பாலும் இருமுறை இலை கொட்டும். உதிருமுன் நன்கு சிவக்கும். ஒரு கிளையில் நூல் கட்டி, வாரந்தோறும் இலைகளை எண்ணி, மழை பெய்த நாளையும் பெய்யாத நாளையும் குறித்துவரச் செய்யலாம். மூன்று நான்கு பள்ளிகள் சேர்ந்து ஒரே ஆண்டில் இதைச் செய்தால், பேராக் ஆற்று முகத்தில் உள்ள மரமும் உள்நாட்டு மரமும் ஒரே வாரத்தில் உதிர்க்கின்றனவா என்பதும் தெரிந்துவிடும். கோலாகங்சாரில் மாவட்ட அலுவலகத்தருகே 1877-ஆம் ஆண்டுக் கித்தா மரம் ஒன்று இன்றும் காக்கப்படுகிறது. பள்ளிச் சுற்றுலாவை ஆண்டிறுதிக்கு ஒத்திவைக்காமல் மாசியில் அழைத்துச் சென்றால், அம்முதுமரம் இலையின்றி நிற்பதையோ செந்தளிர் விடுவதையோ பிள்ளைகள் காணக்கூடும்.